ஜிகர்தண்டா வண்டியைத் திரையில் கட்டுவது: கேட் மாடலில் பாகங்களை அடுக்கவும் தேடவும் ஓர் எளிய விளக்கம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் நிற்கும் ஜிகர்தண்டா தள்ளுவண்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஸ்கொயர் பைப்பில் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம், நான்கு சக்கரம், மேலே எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு போர்த்திய மேடை, பாத்திரம் உட்கார அதில் வட்டத் துளைகள், தலைக்கு மேல் கூரை. பட்டறையில் இதை ஒரே மூச்சில் செய்வதில்லை. சேஸிஸைத் தரையில் போட்டு வெல்டிங் அடிப்பார்கள். சக்கரத்தைத் தனியே பேரிங் ஏற்றி வைப்பார்கள். மேடைத் தகடு தனியாக வளைந்து வரும். கடைசி நாளில்தான் எல்லாம் ஒன்று சேரும்.

இதே வண்டியைக் கேட் (CAD) என்னும் கணினி வரைபட மென்பொருளில் முதல்முறை வரைபவர் பெரும்பாலும் ஒரே மூச்சில்தான் வரைகிறார். முடிக்கும்போது திரையின் இடது பக்கத்தில் பாடி, பாடி001, பாடி002 என்று ஒரு நீளப் பட்டியல் நிற்கும். வண்டியின் அகலத்தை 150 மிமீ குறைக்கச் சொன்னால் எதைத் தொடுவது என்றே தெரியாது. வரையத் தெரியாததால் வந்த சிக்கல் அல்ல இது. இடப்பக்கப் பட்டியலை வெறும் பட்டியல் என்று நினைத்ததால் வந்தது. அதன் பெயர் மரம். எந்தப் பாகம் எதற்குள் இருக்கிறது, எது எதை நம்பி நிற்கிறது என்ற இரண்டும் அதில்தான் பதிந்திருக்கின்றன.

இங்கே ஃப்ரீகேட் மென்பொருளை வைத்து விளக்குகிறோம். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் நல்லது. சாலிட்வொர்க்ஸ், ஃப்யூஷன், இன்வென்டர் எதில் வேலை செய்தாலும் அடிப்படை ஒன்றுதான். பெயர்கள்தான் மாறும்.

லேயர் வேறு, மரம் வேறு

பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ ஆட்டோகேடில் தொடங்கியவர்களுக்கு லேயர் பழகியிருக்கும். மையக்கோடு ஒரு லேயர், அளவுக்கோடு ஒரு லேயர், வெளிக்கோடு ஒரு லேயர். தேவையில்லாததை அணைத்து வைக்கலாம். அது கோடுகளைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு. ஒரு லேயரில் இருக்கும் பத்துக் கோடுகளுக்கும் ஒன்றோடொன்று எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை.

முப்பரிமாண மாடலின் மரம் அப்படி இல்லை. துளை என்பது தகட்டுக்குப் பிள்ளை. தகடு, ஸ்கெட்ச் என்னும் தட்டையான கோட்டுப்படத்துக்குப் பிள்ளை. ஸ்கெட்ச் ஒரு தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே இருப்பது அசைந்தால் கீழே இருப்பதும் அசையும், மேலே இருப்பதை அழித்தால் கீழே இருப்பது அனாதையாகும். லேயர் பழக்கத்தோடு மரத்தைப் பார்ப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

பாடி, பார்ட், குரூப்

ஃப்ரீகேடில் பாகங்களைப் போட்டுவைக்க மூன்று வகைப் பெட்டிகள் உண்டு. இவற்றின் வேறுபாடு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாடி என்பது ஒரே துண்டான ஒரு பொருள். ஒரு பைப் ஒரு பாடி. மேடைத் தகடு ஒரு பாடி. ஸ்கெட்ச் வரைந்து, பேட் கொடுத்துத் தடிமனாக்கி, பாக்கெட் கொடுத்துத் துளைத்து, ஓரம் மழுக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த வேலைகள் அதற்குள் வரிசையாக இருக்கும்.

பார்ட் என்பது பல பாடிகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் பெட்டி. அதற்கு எக்ஸ், ஒய், இசட் என்று சொந்த அச்சுகள் உண்டு. பார்ட்டை நகர்த்தினால் உள்ளே உள்ள எல்லாம் சேர்ந்து நகரும்.

குரூப் என்பது வெறும் ஃபோல்டர். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும், மொத்தமாக மறைக்கலாம், காட்டலாம். அதற்கு என்று ஓர் இடம் கிடையாது. நான்கு பைப்பையும் குரூப்பில் போட்டுவிட்டு, ஏன் ஒன்றாக நகர மாட்டேன் என்கிறது என்று தேடுபவர்கள் நிறையப் பேர். குரூப்புக்கு நகர்த்தத் தேவையான பிளேஸ்மென்ட் என்ற பண்பே இல்லை. நகர வேண்டியதைப் பார்ட்டில் போடுங்கள். அளவுத்தாள், பார்த்து வரைய வைத்த படம் போன்றவற்றைக் குரூப்பில் போடுங்கள்.

பார்ட்டுக்குச் சொந்த அச்சு என்றால் என்ன? மதுரைக்காரருக்கு ஊரே இதற்கு விளக்கம். மேல மாசி வீதி என்பது மீனாட்சி அம்மன் கோயிலுக்கு மேற்கே இருக்கும் மாசி வீதி. நீங்கள் தெப்பக்குளத்தில் நின்றாலும் ரயில் நிலையத்தில் நின்றாலும் அதன் பெயர் மாறாது, திசையைக் கோயிலிலிருந்தே எண்ணுகிறோம். திருப்பரங்குன்றம் போய், கோயிலுக்கு மேற்கே என்று சொன்னால் எண்ணும் மையம் அந்தக் கோயில். பார்ட்டும் அப்படித்தான். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் தன் இடத்தைச் சக்கரத்தின் மையத்திலிருந்து எண்ணிக்கொள்கிறது. சக்கரம் வண்டியின் எந்த மூலைக்குப் போனாலும் பேரிங்குக்கு அந்தக் கவலை இல்லை.

அதனால் ஒரு பழக்கம். உருவத்தைப் பாடிக்குள் தீர்மானியுங்கள், இடத்தைப் பார்ட்டில் தீர்மானியுங்கள். பைப் வண்டியின் பின்பக்கம் வர வேண்டும் என்பதற்காக ஸ்கெட்சை ஆதிப்புள்ளியிலிருந்து 1700 மிமீ தள்ளி வரையாதீர்கள். ஆதிப்புள்ளியிலேயே வரைந்துவிட்டு, பிறகு அதைக் கொண்டுபோய் வையுங்கள். அதே பைப்பை முன்பக்கமும் வைக்க வேண்டி வரும்போது இதன் அருமை தெரியும்.

வண்டியை எப்படிப் பிரிப்பது

பட்டறையில் இரண்டு பேர் கையில் ஒன்றாகத் தூக்கிப் போவது எதுவோ, அது மரத்தில் ஒரு பார்ட். எங்கள் வண்டிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: மொத்த நீளம் 1800 மிமீ, அகலம் 900 மிமீ, பைப் 40×40 மிமீ, 2 மிமீ தடிமன்.

மேலே ‘வண்டி’ என்று ஒரு பார்ட். அதற்குள் ‘சேஸிஸ்’, ‘சக்கரம்’, ‘மேடை’, ‘கூரை’. சேஸிஸுக்குள் 1800 மிமீ நெடும்பைப் 2, அவற்றுக்கு இடையே குறுக்குப் பைப் 3, சக்கரம் கோக்கும் அச்சுக்கம்பி 2. குறுக்குப் பைப்பின் நீளம் 820 மிமீ, ஏனென்றால் 900-இல் இரு பக்கமும் 40 மிமீ நெடும்பைப் எடுத்துக்கொள்கிறது. இந்த 820-ஐ நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வரும். மேடைக்குள் 1.2 மிமீ எஸ்எஸ் தகடும் அதில் 220 மிமீ விட்டத்தில் மூன்று துளையும். கூரைக்குள் நான்கு கால், மேல் சட்டம், தகடு.

வெல்டிங் அடித்த பிறகு சேஸிஸ் ஒரே துண்டுதானே, அதை ஒரே பாடியாகச் செய்யக் கூடாதா? செய்யலாம். ஆனால் பைப் வெட்டுகிறவருக்கு 1800-இல் இரண்டு, 820-இல் மூன்று என்ற கணக்கு வேண்டும். தனித்தனிப் பாடியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு மரத்திலேயே இருக்கும். வெட்டும் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பாடி, தூக்கும் தொகுதி ஒவ்வொன்றும் ஒரு பார்ட் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

பெயர் வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மரத்தில் ஒன்றைத் தேர்ந்து எஃப்2 அழுத்தினால் பெயர் மாற்றலாம். தமிழிலும் வைக்கலாம். ‘குறுக்குப் பைப் 820’ என்று அளவைப் பெயரில் எழுதுவது நல்ல பழக்கம் போலத் தோன்றும். அளவு மாறியதும் அந்தப் பெயர் பொய் சொல்லத் தொடங்கும். ‘குறுக்குப் பைப் முன்’, ‘குறுக்குப் பைப் நடு’, ‘குறுக்குப் பைப் பின்’ என்று இடத்தைச் சொல்லும் பெயர் நீடிக்கும். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் பாடி002 போன்ற உட்பெயர் மாறாது. பிழைச் செய்தியில் சில நேரம் அந்த உட்பெயர்தான் வரும், குழம்ப வேண்டாம்.

எந்தப் பெட்டி திறந்திருக்கிறது

புதிதாகச் செய்யும் எதுவும், அந்த நேரத்தில் செயலில் இருக்கும் பெட்டிக்குள்தான் போய் விழும். மரத்தில் பாடியையோ பார்ட்டையோ இரட்டைக் கிளிக் செய்தால் அது செயலுக்கு வரும், அதன் பெயர் பின்னணி நிறத்தோடு எடுப்பாகத் தெரியும். மேடையில் துளை போடுவதாக நினைத்துக்கொண்டு கூரைக்குள் ஸ்கெட்ச் போடுவது இதைக் கவனிக்காததால் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஸ்கெட்ச் பொத்தானை அழுத்தும் முன் மரத்தை ஒரு பார்வை பாருங்கள்.

பாடிக்குள் இன்னொரு விஷயம். அங்கே வரிசையாக இருக்கும் பேட், பாக்கெட், ஃபில்லட் (ஓரம் மழுக்கல்) எதுவும் தனித்தனித் துண்டு அல்ல. ஒவ்வொன்றும் அதுவரை நடந்த வேலையின் மொத்த உருவம். அதனால் ஒரு பாடிக்குள் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். பேடைக் காட்டினால் பாக்கெட் மறைந்துவிடும். துளை காணாமல் போய்விட்டது என்று பதற வேண்டாம், துளைக்கு முந்தைய நிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த வரிசையில் எது முடிவான உருவம் என்பதைக் குறிப்பது டிப். பச்சை வட்டத்தில் வெள்ளை அம்புக்குறி போட்டு மரத்தில் காட்டும். நடுவில் ஒரு வேலையைச் செருக வேண்டுமானால், அதற்கு முந்தைய படியை வலது கிளிக் செய்து செட் டிப் கொடுங்கள், புதிய வேலையைச் செய்யுங்கள், பிறகு கடைசிப் படிக்கு மறுபடி செட் டிப் கொடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் மறப்பார்கள். மறந்தால் பாடியின் உள்ளே துளை இருக்கும், வெளியே மாடலில் துளை இருக்காது.

சக்கரத்தை நான்கு முறை வரையாதீர்கள்

சக்கரம் ஒன்றில் ஹப், ரிம், டயர், 6204 பேரிங் இரண்டு. 6204 என்றால் உள்விட்டம் 20 மிமீ, வெளிவிட்டம் 47, அகலம் 14. அச்சுக்கம்பி 20 மிமீ என்பதால் இது பொருந்தும். இப்படி நான்கு சக்கரம், எட்டு பேரிங்.

சக்கரத்தைக் காப்பி செய்து ஒட்டினால் நான்கும் நான்கு வேறு பொருள். நாளை 6204-க்குப் பதில் 6205 போட முடிவானால், ஹப்பின் துளையை 47-இலிருந்து 52 ஆக நான்கு இடத்தில் மாற்ற வேண்டும். மூன்றை மாற்றி ஒன்றை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும், அது பட்டறையில் பேரிங் உள்ளே போகாதபோதுதான் தெரிய வரும்.

இதற்குத்தான் லிங்க். சக்கரத்தைத் தனிக் கோப்பில் ஒரு பார்ட்டாக வரையுங்கள். அந்தக் கோப்பையும் வண்டிக் கோப்பையும் சேமித்துவிட்டு, சக்கரத்தைத் தேர்ந்து மேக் லிங்க் கொடுத்து, வண்டிக்குள் நான்கு லிங்க் வையுங்கள். ஐகானில் சின்ன அம்புக்குறி இருக்கும். ஒவ்வொரு லிங்கும் தன் இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளும், உருவத்தை மூலத்திடமிருந்து எடுத்துக்கொள்ளும். மூலத்தில் ஒருமுறை மாற்றினால் நான்கும் மாறும். பேரிங்கையும் ஒருமுறை வரைந்து, சக்கரத்துக்குள் இரண்டாவதை லிங்காக வைக்கலாம். எட்டு பேரிங்குக்கும் மூலம் ஒன்றே.

கோப்பைப் பென்டிரைவில் கொடுக்கும்போது வண்டிக் கோப்பை மட்டும் கொடுத்தால், சக்கரம் இல்லாத வண்டிதான் அங்கே திறக்கும். ஒரே ஃபோல்டரில் வைத்து, ஃபோல்டரோடு கொடுங்கள். விண்டோஸில் போய்ச் சக்கரக் கோப்பின் பெயரை மாற்றினாலும் லிங்க் அறுந்துவிடும். சாலிட்வொர்க்ஸிலும் இதே கதைதான், அங்கே பேக் அண்ட் கோ என்ற வசதி தேவையான கோப்புகளை எல்லாம் திரட்டித் தரும்.

சக்கரம் அச்சில் சுழல வேண்டும் என்றால் 1.0-இல் வந்த அசெம்ப்ளி வொர்க்பெஞ்சுக்கு, அதாவது பாகங்களைக் கோக்கும் கருவித் தொகுதிக்கு, போகலாம். சேஸிஸை கிரவுண்டட் என்று ஆணியடித்துவிட்டு, சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையே ரெவல்யூட் ஜாயின்ட் (சுழல மட்டும் விடும் இணைப்பு) கொடுத்தால் போதும். எதையும் கிரவுண்ட் செய்யாமல் விட்டால் ஜாயின்ட் சரியாக வேலை செய்யாது. பாகங்களை எண்ணிப் பட்டியல் போடும் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் வசதியும் அங்கே உண்டு. நீங்கள் வைத்த பெயர்தான் அதில் அச்சாகும். பாடி017 என்று விட்டிருந்தால் பட்டியலிலும் பாடி017 என்றுதான் வரும்.

தேடிப் போவது

மரம் பெரிதானதும் இரண்டு கேள்வி எழும். மரத்தில் இருக்கும் இந்தப் பெயர் மாடலில் எங்கே? மாடலில் தெரியும் இந்தத் துண்டு மரத்தில் எங்கே?

முதல் கேள்விக்கு, மரத்தில் பெயரைக் கிளிக் செய்யுங்கள், மாடலில் பச்சையாக ஒளிரும். அருகே போக வி, எஸ் என்ற எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துங்கள். மொத்த வண்டியும் திரையில் வர வி, எஃப். இரண்டாவது கேள்விக்கு, மாடலில் அந்தத் துண்டைக் கிளிக் செய்துவிட்டு டி (T), ஜி (G) அழுத்துங்கள். மூடியிருக்கும் கிளைகளைத் திறந்து அந்தப் பெயருக்கே மரம் உருண்டு போகும். பெயர் நினைவிருந்தால் மரத்துக்குள் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு கன்ட்ரோல் எஃப் கொடுத்துத் தேடலாம். முன்பார்வைக்கு 1, மேலிருந்து பார்க்க 2, வலப்பக்கம் 3, மூலையிலிருந்து பார்க்க 0. மவுஸ் இல்லாமல் லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் திரையின் கீழே வலப்பக்கம் நேவிகேஷன் ஸ்டைலைத் டச்பேட் அல்லது ஜெஸ்சர் என்று மாற்றிக்கொள்ளுங்கள், சுழற்றுவது பெரிய சிரமமாக இருக்காது.

ஸ்பேஸ்பார் அழுத்தினால் தேர்ந்தெடுத்தது மறையும், மறுபடி அழுத்தினால் வரும். மறைந்ததன் பெயர் மரத்தில் மங்கலாகத் தெரியும். பேரிங்கைப் பார்க்க டயரை மறைக்கலாம், அல்லது மேடைத் தகட்டின் டிரான்ஸ்பரன்சியை (ஊடுருவித் தெரியும் அளவை) 70 என்று வைத்துவிட்டுக் கீழே சேஸிஸைப் பார்க்கலாம். ஒன்றை எவ்வளவு காட்டினாலும் தெரியவில்லை என்றால் அதன் தாய்ப் பெட்டியைப் பாருங்கள். கூரை மறைந்திருந்தால் கூரைக்குள் இருக்கும் கால் தெரியாது.

சிவப்பு வந்தால்

ஐகானில் சிவப்பு ஆச்சரியக்குறி வந்தால் அந்தப் பாகத்தைக் கணக்கிட முடியவில்லை என்று பொருள். ஒன்றில் வந்தால் அதை நம்பியிருப்பவை எல்லாவற்றிலும் வரிசையாக வரும். கீழே இருப்பதைச் சரிசெய்ய உட்காராதீர்கள். மரத்தில் எது முதலில் சிவந்ததோ அதைத் திறங்கள். அதைச் சரிசெய்தால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே தெளியும். ரிப்போர்ட் வியூ பலகையைத் திறந்து வைத்தால் காரணம் அங்கே எழுதியிருக்கும்.

அடிக்கடி வரும் காரணம், ஸ்கெட்சை இன்னொரு பாகத்தின் முகத்தில் ஒட்டி வைத்திருப்பது. மென்பொருள் முகங்களை எண்ணால்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. முன்னால் ஒரு துளை சேர்த்தால் முகங்களின் எண்ணிக்கை மாறி, ஆறாவது முகமாக இருந்தது எட்டாவது ஆகலாம். ஸ்கெட்ச் வேறு முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 1.0 பதிப்பு இதைப் பெரிதும் குறைத்திருக்கிறது, முழுதாக நீக்கவில்லை. முடிந்தவரை ஸ்கெட்சை ஆதித் தளங்களிலோ, டேட்டம் பிளேன் என்னும் நீங்களே வைக்கும் துணைத் தளத்திலோ வையுங்கள்.

இன்னொன்று, மேடைக்குள் இருக்கும் ஸ்கெட்ச் சேஸிஸுக்குள் இருக்கும் விளிம்பை நேரடியாகப் பிடிப்பது. ஒரு பெட்டிக்குள் இருப்பது வேறு பெட்டிக்குள் கைநீட்டினால் ரிப்போர்ட் வியூவில் எச்சரிக்கை வரும். சப்ஷேப்பைண்டர் என்னும் கருவி மூலம் அந்த விளிம்பை முறையாக மேடைக்குள் அழைத்து வந்து பயன்படுத்துங்கள். அதைவிட மோசமானது சுற்றுவழி: மேடைத் துளை கூரைக் காலைப் பார்த்து நிற்கிறது, கூரைக் கால் மேடைத் துளையைப் பார்த்து நிற்கிறது. யார் முதலில் என்று மென்பொருளுக்குத் தெரியாது, கணக்கே ஓடாது. சேஸிஸ் முதலில், அதை மற்றவை பார்க்கட்டும், சேஸிஸ் யாரையும் பார்க்க வேண்டாம்.

இந்தச் சிக்கல்களில் பாதியை ஓர் அளவுத்தாள் தீர்த்துவிடும். ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று திறந்து மொத்த நீளம், மொத்த அகலம், பைப் அளவு ஆகியவற்றை எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இடைவெளி இல்லாத ஓர் அலியாஸ் (மாற்றுப் பெயர்) கொடுங்கள். பிறகு ஸ்கெட்சில் அளவு கேட்கும் இடத்தில் எண்ணுக்குப் பதில் சமக்குறி போட்டு, தாளின் பெயர், ஒரு புள்ளி, அந்த அலியாஸ் என்று சேர்த்து எழுதுங்கள். குறுக்குப் பைப்பின் நீளம் 820 என்று எழுதாமல், அகலம் கழித்தல் இரண்டு பைப் என்று எழுதுங்கள். பாகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் எல்லாம் தாளைப் பார்த்து நிற்கும்.

பட்டறைக்குக் கோப்பு போகும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வண்டி குறுகலான சந்துக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, தாளில் அகலத்தை 900-இலிருந்து 750 ஆக்கி, ரீகம்ப்யூட் (மறுகணக்கு) கொடுங்கள். குறுக்குப் பைப் மூன்றும் 670-க்குச் சுருங்க வேண்டும். சக்கரங்கள் உள்ளே வர வேண்டும், கூரைக் கால்கள் கூடவே நெருங்க வேண்டும், 220 மிமீ துளைகள் தகட்டின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். அசையாமல் நின்றுவிட்ட பாகத்தைக் கிளிக் செய்து, டி, ஜி அழுத்தி, மரத்தில் அது எங்கே என்று போய்ப் பாருங்கள். அங்கே ஏதோ ஓர் இடத்தில் எண்ணை நேரடியாக எழுதியிருப்பீர்கள். அதை மாற்றிவிட்டு அகலத்தை மறுபடி 900 ஆக்குங்கள்.